பதினேழாம் நம்பர் சரக்கு

எலும்பு லாரிக்கும் சம்பந்திக்கும் நடுவே தில்லைநாதன் நின்றுகொண்டிருந்தார்.

சும்மா நிற்கவில்லை. லாரி சம்பந்தியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, தன் ஐந்தடி உடம்பை எவ்வளவு அகலமாக்க முடியுமோ அவ்வளவு அகலமாக்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். லாரி இருபதடி நீளம். அதற்கு மேல் தார்ப்பாய் வேறு பாதி விலகிக் கிடந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க. என்ன திடீர்னு?"

கேட் ஓரமாக நின்ற சுப்பிரமணியனும் ஒரு கணம் திகைத்துத்தான் போனார். நெற்றி நிறைய விபூதி, தோளில் வெள்ளைத் துண்டு, கையில் மஞ்சள் பை. "நீங்க இங்கயா..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை விழுங்கிவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன். ஒரு எட்டு உங்களையும் பாத்துட்டுப் போவலாமேன்னு. வெயிலு ஜாஸ்தி இல்ல?"

சும்மா என்ற சொல்தான் தில்லைநாதனை உஷார்ப்படுத்தியது. நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பா வேலை செய்யும் இடத்துக்குச் சும்மா வரமாட்டார். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை, எதிர் டீக்கடையில் ஒரு வார்த்தை, மனுஷன் எப்படி, குடிப்பாரா, கடன் உண்டா என்று விசாரிப்பதற்குத்தான் வருவார்கள். தில்லைநாதனே தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நெய்வேலிவரை போய் இப்படிச் சும்மா நின்றவர்தான்.

குடியும் இல்லை, கடனும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு எலும்புப் பிரச்சினை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் ஊரைத் தாண்டி இருந்தது அந்தத் தொழிற்சாலை. மாட்டெலும்பு நொறுக்கிய நிலையில் லாரி லாரியாக உள்ளே வரும். அதைக் கழுவி, அமிலத்தில் நாள்கணக்காக ஊறப்போட்டால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்துபோய், வெள்ளையாக, மெத்து மெத்தென்று ஒன்று மிஞ்சும். ஜெலட்டின் தயாரிக்கிறவர்கள் அதைத்தான் வாங்கிப் போவார்கள். மருந்துக் கடைக் கேப்சூலின் கூடு, பிள்ளைகள் வாயில் வழுக்கிக்கொண்டு போகும் ஜெல்லி, கல்யாண ரிசப்ஷனில் கிண்ணத்தில் ஆடும் புட்டிங் என்று அது போய்ச் சேருகிற இடங்களைச் சொல்லி மாளாது. தில்லைநாதன் அங்கே லேப் கெமிஸ்ட். சிதம்பரத்தில் அவர் வீட்டில் முட்டை போட்ட கேக் வாசற்படி தாண்டியதில்லை. வேதியியல் பட்டத்தோடு எட்டு மாதம் சும்மா இருந்த காலத்தில் கிடைத்த வேலை, விட மனசில்லை. இருபத்திரண்டு வருடமாக வீட்டில் அவர் சொல்லிவந்தது, "மருந்துக்கு மூலப்பொருள் செய்யற கம்பெனி" என்பது. அது பொய்யில்லை. மாடு என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று சுப்பிரமணியனிடமும் அதையேதான் சொன்னார். சுப்பிரமணியன் காட்டுமன்னார்கோயிலில் உர வியாபாரம். நாற்பது வருடமாகச் சன்மார்க்க சபைக்குப் போகிறவர். தில்லைநாதனின் மனைவி சிவகாமி தட்டில் வைத்த பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்னால் அதன் உறையைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சைப் புள்ளியைத் தேடிப் பார்த்தவர்.

"நகை, சீரு எதுவும் வேணாம். நாம சம்பந்தம் பண்ற வீட்டுல புலால் வாடை இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நா கேக்கறது" என்றார்.

"எங்க வீட்டுலயா?" என்று தில்லைநாதன் சிரித்தார். சிரித்த வாய் சரியாக மூடிக்கொள்ள அவருக்கு அன்று சாயங்காலம் ஆயிற்று.

மகள் காயத்ரிக்கு நான்கு வருடமாக வரன் தட்டிக்கொண்டே போனது. ஒருவருக்கு ஜாதகம் சரியில்லை, ஒருவருக்கு உயரம் சரியில்லை. "எனக்கு யாரும் வேணாம்பா, ஸ்கூலு, பசங்கன்னு இருந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், இந்தப் பையன் வந்து போன பிறகு காலையில் கோலம் போடும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். இருபத்தாறு வயதுப் பெண் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்கத் தான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தோம் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தில்லைநாதனுக்குத் தெரிந்தது.

இப்போது அந்தப் பாட்டுக்கு உலை வைக்க ஒரு லாரி போதும். லாரிக்காரன் வேறு, எடை மேடையிலிருந்து இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பேர் சாமிக்கண்ணு. அவன் கொண்டுவந்த லோடுதான் பதினேழாம் நம்பர். லேபுக்கு வரும் மாதிரியில் நம்பர் மட்டும்தான் இருக்கும். லாரிக்காரனைத் தெரிந்தாலும் சரக்கு யாருடையது என்பது கெமிஸ்டுக்குத் தெரியாது, யார் சோதித்தார் என்பது சரக்குக்காரருக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாதென்று முதலாளி போட்ட ஏற்பாடு. பதினேழில் மணல் ஜாஸ்தி என்று தில்லைநாதன் நேற்றுத்தான் சிவப்புச் சீட்டு எழுதியிருந்தார். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுப் போகத்தான் கேட்டுக்கே வந்தார்.

"அந்த ஆளு உங்களத்தான் கூப்புடறான் போலருக்கு" என்றார் சுப்பிரமணியன், துண்டை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இழுத்துக்கொண்டு.

"அவன் கெடக்கறான். நீங்க உள்ள வாங்க, நிழலா உக்காரலாம்."

போகிற போக்கில் வாட்ச்மேன் தேவசகாயத்திடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "யாரு எவருன்னு கேக்காம, நோட்டுல கையெழுத்து வாங்காம உள்ள வுட்டுருவியா?"

"தெரிஞ்சவருதான சார்" என்றான் தேவசகாயம் நிதானமாக.

விருந்தினர் அறையின் ஜன்னல் நேராக எடை மேடையைப் பார்த்து இருந்தது. தில்லைநாதன் ஓடிப்போய் அதைச் சாத்தினார். சாத்தியதும் ஏற்கெனவே உள்ளே இருந்த வாடை வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. காற்றாடியைப் போட்டார். அது வாடையை மூலை முடுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தது.

"இது என்ன வாடைன்னு நெனைக்காதீங்க சம்பந்தி. கடலு பக்கம்ல, கருவாடு காயப் போடறாங்க."

சொன்ன பிறகுதான் அதன் விபரீதம் உறைத்தது. புலால் வாடை கூடாது என்றவரிடம் கருவாட்டைக் காரணம் சொல்லியிருந்தார்.

"அப்ப டெய்லியும் கருவாட்டு வாடையிலயா ஒக்காந்து சாப்புடறீங்க?" என்றார் சுப்பிரமணியன்.

"இல்லல்ல. காத்து அந்தப் பக்கம் அடிக்கறப்பதான் சாப்புடுவேன்."

சுப்பிரமணியன் தலையாட்டினார். அவர் மூக்கைப் பொத்தவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மூடிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் பையை மடியில் வைத்து, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் மனசுக்குள் குறித்துக்கொள்கிறார் என்று தில்லைநாதன் நினைத்தார். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"சிவகாமி, சம்பந்தி இங்க வந்து ஒக்காந்திருக்காரு."

"அங்கயா? இப்பத்தானங்க சம்பந்தியம்மாகிட்ட பேசுனேன். அவுரு விருத்தாசலம் போறன்னு சொல்லிட்டுப் போயிருக்காராமே." அவள் குரல் தாழ்ந்தது. "ஏங்க, வீட்டுக்குக்கூடச் சொல்லாம வந்திருக்காருன்னா, ரகசியமா விசாரிக்கத்தான் வந்திருக்காரு. யாரோ நம்மளப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க."

"என்னான்னு சொல்லியிருப்பாங்க?"

"எனக்கென்னா தெரியும்? நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? நீங்க ஒண்ணு பண்ணுங்க. கம்பெனிய நல்லா சுத்திக் காட்டி அனுப்புங்க. மனசு நெறஞ்சுடும்."

தில்லைநாதன் போனை அணைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனைவியிடம் மறைத்த ஒன்றை அவளிடமே யோசனை கேட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்து கேன்டீனுக்கு அழைத்துப் போனார். அங்கே எடை மேடை தெரியாது. எலும்புக் குவியல் தெரியாது. புதன்கிழமை என்பதை மட்டும் மறந்துவிட்டார். புதன்கிழமை முட்டைக் குழம்பு.

சமையல்கார ஆரோக்கியம்மாளுக்குத் தில்லைநாதன் கண்ணால் சாடை காட்டினார். அவளுக்கு என்ன புரிந்ததோ, அவித்த முட்டை அடுக்கைத் தூக்கி இவர்கள் மேசைக்கு அடியிலேயே தள்ளிவிட்டு, இரண்டு தட்டில் தயிர்ச் சாதம் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது கவளத்தில் சுப்பிரமணியன் காலை நீட்டினார். அடுக்கு சரிந்தது. ஏழெட்டு முட்டைகள் உருண்டு வந்து, ஒன்று அவர் செருப்பை இடித்துக்கொண்டு நின்றது.

தில்லைநாதன் அதைத் தன் செருப்பால் மேசைக்கு அடியில் தள்ளப் பார்த்தார்.

"யாரோ சாப்புடறது" என்றார் சுப்பிரமணியன், காலை மெல்ல இழுத்துக்கொண்டு. "பொழப்புன்னு வந்தா நாலும் இருக்கும். நமக்கென்னா."

கத்தியிருந்தால்கூடத் தில்லைநாதன் தேறியிருப்பார். நாற்பது வருடச் சன்மார்க்கி முட்டையைப் பார்த்துக் கத்தவில்லையென்றால், கத்துவதைவிடப் பெரிய முடிவை அவர் எடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

சாப்பாடு முடிந்ததும் சுப்பிரமணியன் பையிலிருந்து ஒரு கேப்சூல் எடுத்தார். தில்லைநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாட்டெலும்பில் செய்த கூடு. அதை விழுங்கப் போகிறவர் புழுவுக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தடுக்காவிட்டால் பாவம். அவர் தவித்துக்கொண்டிருக்கையிலேயே சுப்பிரமணியன் கேப்சூலைத் திருகி இரண்டாகப் பிரித்தார். உள்ளேயிருந்த பொடியை நாக்கில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். கூட்டை வாஷ்பேசினில் போட்டார்.

தில்லைநாதன் அந்தக் கூட்டையே பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகத் தன் வீட்டில் அவரும் இதையேதான் செய்கிறார். சிவகாமி கேட்டால், சீக்கிரம் கேட்கும் என்பார்.

"ஏன் சம்பந்தி, கூட்டத் தூக்கிப் போட்டுட்டீங்க?"

"அது என்னமோ வயித்துக்குச் சேரல."

"எதுல செய்யறாங்களோ என்னமோ."

"அதான" என்றார் சுப்பிரமணியன், இவர் முகத்தைப் பார்க்காமல். "யாருக்குத் தெரியும்."

தெரிந்துதான் வந்திருக்கிறார். தில்லைநாதனுக்கு இப்போது சந்தேகமே இல்லை. கூடு எதில் செய்வது என்று தெரிந்தவருக்கு, இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று தெரிய எவ்வளவு நேரமாகும்? வாய்விட்டுக் கேட்காமல், தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

கேட்டுக்குக் கூட்டிப் போய் வழியனுப்பிவிடலாமென்றால் கேட்டருகில் சாமிக்கண்ணு சீட்டும் கையுமாக நிற்கிறான். தில்லைநாதன் தயங்கி நின்றபோது ஆச்சரியமாகச் சுப்பிரமணியனே, "இப்ப வேணாம், கொஞ்ச நேரம் கழிச்சுப் போறேன். உள்ள எங்கனா ஒக்காருவோமே" என்றார். மிச்சமிருந்தது லேப் ஒன்றுதான். உடன் வேலை செய்யும் அன்புமணிக்குப் போன் போட்டு, மேசைமேல் இருக்கிற மாதிரித் தட்டு எல்லாவற்றையும் உடனே அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்படி சொன்னார்.

அன்புமணி சொன்னபடி செய்திருந்தார். ஆனால் சிவப்புச் சீட்டு ஒட்டிய தட்டை எழுதியவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது லேப் சட்டம். நடு மேசையில், விளக்குக்கு நேர் கீழே, பதினேழாம் நம்பர் மட்டும் கம்பீரமாக இருந்தது.

"இது என்னா?" என்றார் சுப்பிரமணியன்.

"கல்லு. மருந்துக் கல்லு."

சுப்பிரமணியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிவப்புச் சீட்டைப் படித்தார். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நிமிண்டினார், நகத்தால் சுரண்டினார், மேசையில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுல என்ன கொற?"

"மணல் ஜாஸ்தி. திருப்பி அனுப்பப் போறோம்."

"நீங்கதான் எழுதுனதா?"

"ஆமா."

"கல்லுன்னா மணலு இருக்காதா சம்பந்தி?" அவர் குரல் கொஞ்சம் கம்மியது. "அவ்ளோ தூரத்துலேர்ந்து கொண்டாந்தவன் வயிறு எரியாதா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துட்டு எழுதக் கூடாதா?"

முன்பின் தெரியாத சரக்குக்காரனுக்காக இப்படி உருகுகிற மனசு, தன் பெண்ணுக்காகவும் கொஞ்சம் உருகாதா என்று தில்லைநாதனுக்கு ஒரு நப்பாசை எழுந்தது. அது எழுந்து உட்காருவதற்குள் சுப்பிரமணியன் ஒரு கை அள்ளி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, அது எதுக்கு?"

சுப்பிரமணியன் கொஞ்சம் தடுமாறினார். "மருந்துக் கல்லுன்னு சொன்னீங்கள்ல. வீட்டுல அவளுக்கு மூட்டுவலி. அரைச்சுக் குடுக்கலாம்னு."

"ஐயோ, அத அரைக்கக் கூடாது. விஷம்."

"வெஷத்தையா மருந்துல போடறீங்க?"

"இல்ல, பச்சையா இருக்கறப்ப விஷம். சுத்தம் பண்ணிட்டா..."

"அப்ப சரி. சுத்தமா கழுவிட்டுப் பாலுல அரைச்சுக் குடுக்கச் சொல்றேன்."

தில்லைநாதன் பையை வாங்கப் போனார். "வெயிட்டா இருக்கு, நா தூக்கிட்டு வரேன்" என்றார். சுப்பிரமணியன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு மஞ்சள் பையின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் இழுத்தார்கள். சுப்பிரமணியன் ஜெயித்தார்.

தில்லைநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று காயத்ரியின் தலையைத் தடவி, "எனக்குப் பொண்ணு இல்லம்மா" என்று கண் கலங்கிய சம்பந்தியம்மாள் ஞாபகத்துக்கு வந்தார். அந்த அம்மாள் பாலில் கலந்து மாட்டெலும்பைக் குடிக்கப் போகிறார். சம்பந்தி வேண்டுமென்றே சோதிக்கிறாரோ, நிஜமாகவே தெரியாமல் சொல்கிறாரோ, இனி அது முக்கியமில்லை. ஒரு கல்யாணத்தைக் காப்பாற்ற ஒரு நல்ல மனுஷியின் விரதத்தை முறிக்க அவருக்கு மனசு வரவில்லை. கோலத்தின் மேல் குனிந்த காயத்ரியின் முகம் ஒரு தரம் வந்து போயிற்று. 

"சம்பந்தி, அது கல்லு இல்ல."

சுப்பிரமணியன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எலும்பு. மாட்டெலும்பு. இங்க வர்ற லாரி அம்புட்டும் எலும்புதான். இதுலேர்ந்துதான் ஜெலட்டின் வருது. நீங்க தூக்கிப் போட்டீங்களே, அந்தக் கூடும் இதுதான். கருவாடுன்னு சொன்னதும் பொய்யி. இருபத்திரண்டு வருஷமா இதச் சோதிச்சுத்தான் சோறு திங்கறேன். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. காயத்ரிக்குச் சுத்தமாத் தெரியாது. நீங்க என்ன வேணா சொல்லுங்க, எம் பொண்ண மட்டும் தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பையக் குடுத்துடுங்க. உங்க வீட்டம்மாவுக்கு அது வேணாம்."

சுப்பிரமணியனின் முகத்தில் வியர்வை அரும்பியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை தில்லைநாதனைத் தாண்டி, லேப் வாசலுக்கு வெளியே போயிற்று. வாய் மூடிக்கொண்டது. பையைக் கவிழ்த்து எலும்பையெல்லாம் தட்டிலேயே கொட்டினார். துண்டைத் தலையில் போட்டு முக்காடாக இழுத்துக்கொண்டார்.

"நா வர்றேன்" என்றார். அவ்வளவுதான். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, அறுபது வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் நடந்தார். முன்பின் பார்க்காத கட்டடத்தில், அமிலத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, குறுக்கு வழியாகக் கேட்டை நோக்கி, ஒரு இடத்திலும் தடுமாறாமல் போனார்.

தில்லைநாதன் போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண் போயிற்று. மூன்றாவது தடவை சிவகாமி எடுத்தாள்.

"என்னாங்க, சுத்திக் காட்டுனீங்களா? என்னா சொன்னாரு?"

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தார். நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லிவைத்த சத்திரம், காயத்ரிக்கு எடுத்த அரக்குப் புடவை, அந்தப் பாட்டு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. யாரோ வாசலில் செருமுவது கேட்டுத் திரும்பினார். சாமிக்கண்ணு, கையில் பதினேழாம் நம்பர் சீட்டோடு, பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னா சார், எங்க மொதலாளி பேசாம கொள்ளாம கெளம்பிட்டாரு? எங்க லோடு எலும்புல ஏது மணலு, எவன் எழுதுனதுன்னு ஒரு புடி புடிக்கணும்னுதான சார் காலையிலயே கெளம்பி வந்தாரு?"